பாறைக்குட்டையில் பச்சையாக இருப்பது என்ன? கடற்பாசிகளை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

கடற்பாசி என்றதும் உங்கள் நினைவுக்கு எது வருகிறது?

நோன்பு திறக்கும்போது தட்டில் இருக்கும் குளுகுளு கடற்பாசியா? சுஷியைச் சுற்றியிருக்கும் கறுப்புத் தாளா? இரண்டுமே சிவப்புப் பாசிகளிலிருந்து கிடைப்பவை.

ஆனால் கடல்நீர் வடிந்திருக்கும் நேரத்தில் சாங்கியிலோ ஈஸ்ட் கோஸ்ட்டிலோ கற்களுக்கு இடையே எட்டிப் பாருங்கள். அங்கே தேங்கி நிற்கும் குட்டைகளில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பச்சை நிறம்தான். "பாசி, வழுக்கும்" என்று சொல்லிவிட்டு நாமும் தாண்டிப் போய்விடுகிறோம்.

அந்தப் பச்சையில் பல உயிர்கள் கலந்திருக்கின்றன. உடல் முழுவதும் ஒரே செல்லாக இருக்கும் பாசி உண்டு. செத்த பிறகு மணலாக மாறும் பாசி உண்டு. கடலில் உரச்சத்து கூடிவிட்டதைக் காட்டிக்கொடுக்கும் பாசியும் உண்டு. எது எது என்று தெரிந்துவிட்டால், கரையைப் பார்த்தே அங்கு என்ன நடக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அதற்கு நுண்ணோக்கி வேண்டாம். வடிவம், தன்மை, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்ற மூன்றையும் கவனித்தால் போதும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாசி செடியா?

பார்க்கச் செடி மாதிரி இருக்கும். ஆனால் வேர், தண்டு, இலை, பூ எதுவும் கிடையாது. பாறையைப் பிடித்திருக்கும் அடிப்பகுதி வெறும் பிடிமானம்தான். செடியின் வேர்போல் மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சி மேலே அனுப்ப வேண்டிய தேவை அதற்கு இல்லை. சுற்றியிருக்கும் நீரிலிருந்து உடல் முழுவதுமே சத்தை எடுத்துக்கொள்கிறது.

கடற்பாசிகள் பச்சை, சிவப்பு, பழுப்பு என்று மூன்று பெரிய குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றன. மூன்றிலும் பச்சையம் இருக்கிறது. சிவப்பிலும் பழுப்பிலும் வேறு நிறமிகள் பச்சையை மறைத்துவிடும். பச்சைப் பாசியில் அப்படி மறைக்க எதுவும் இல்லை.

உங்கள் வீட்டுத் துளசியில் இருக்கும் அதே 2 வகைப் பச்சையம்தான் (ஏ, பி) பச்சைப் பாசியிலும் இருக்கிறது. துளசி போலவே அதுவும் உணவை மாவுச்சத்தாகச் சேமிக்கிறது. உறவுமுறை சொல்வதென்றால், பச்சைப் பாசி துளசிக்கு நெருங்கிய சொந்தம். பழுப்புப் பாசி ரொம்பவே தூரத்து உறவு.

முதல் வேலை: ஏமாற்றும் பச்சைகளைக் கழித்துவிடுங்கள்

பச்சையாக இருப்பதெல்லாம் பச்சைப் பாசி அல்ல. குட்டையில் இந்த நான்கும் உங்களைக் குழப்பலாம்.

▪ கடற்புல்: இது உண்மையான தாவரம். வேர், இலை நரம்பு, பூ எல்லாம் உண்டு. நம் கரைகளில் காணப்படும் ஹலோஃபிலா ஓவாலிஸ் எனும் கடற்புல்லின் இலை சின்னக் கரண்டி போல நீள்வட்டமாக இருக்கும். நடுவில் நரம்பு தெளிவாகத் தெரியும். நரம்பு தெரிந்தால் அது பாசி இல்லை.

▪ வெளிறிய சிவப்புப் பாசி: கடும் வெயிலில் சில சிவப்புப் பாசிகள் மஞ்சளாகவோ பச்சை கலந்தோ மாறிவிடும். வெயில் படாத அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே செம்மையோ கருஞ்சிவப்போ மிஞ்சியிருக்கும்.

▪ சர்காசம்: குட்டிக் குட்டி உருண்டைகள் இருப்பதால் 'கடல் திராட்சை' என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவை காற்றுப் பைகள். பாசியை நிமிர்த்தி மிதக்க வைப்பது அவற்றின் வேலை. நிறம் பொன் கலந்த பழுப்பு. இது பழுப்புப் பாசிக் குழுவைச் சேர்ந்தது.

▪ ஸோவாந்திட்: பச்சைப் பொத்தான்களை வரிசையாக ஒட்டி வைத்தது போல் இருக்கும். ஓரத்தில் மெல்லிய உணர்கொம்புகள் தெரியும். இது விலங்கு, பவளத்தின் உறவு. சில வகைகளில் கடுமையான நச்சு உண்டு. தொடவே வேண்டாம்.

இவற்றைக் கழித்தாயிற்றா? இனி மிஞ்சியிருப்பதன் வடிவத்தைப் பாருங்கள்.

1) மெல்லிய தாள் போல இருக்கிறதா?

அது உல்வாவாக இருக்கலாம். ஆங்கிலத்தில் 'சீ லெட்டஸ்' என்பார்கள். பளிச்சென்ற பச்சை. ஓரம் சுருங்கிச் சுருங்கி இருக்கும். இரண்டே செல் தடிமன்தான் என்பதால், கரையில் ஒதுங்கிய துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் உங்கள் விரல் தெரியும். வலை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் உல்வாவும் நம் வட்டாரக் கடலில் உண்டு.

2) குழாய் அல்லது நாடா போல இருக்கிறதா?

அதுவும் உல்வாதான்! துண்டை இரு விரல்களுக்கு இடையே மெல்ல உருட்டிப் பாருங்க. உள்ளே வெற்றிடம் இருப்பதால் இரண்டு சுவர்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். சில நேரம் உள்ளே வாயுக் குமிழ்கள் சிக்கி, குழாய் உப்பலாகக் குடல் போலத் தெரியும்.

3) நூல் போல இருக்கிறதா?

தூண்டில் நரம்பு சிக்கலாகிக் கிடப்பது போல், கிளையே இல்லாமல் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் கீட்டோமார்ஃபா. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், மணிகளைக் கோத்தது போல் செல்கள் வரிசையாக நிற்பது தெரியும். நூல் கிளை கிளையாகப் பிரிந்தால் கிளாடோஃபோராவாக இருக்கலாம்.

4) இறகு போல இருக்கிறதா?

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. இரண்டு பாசிகளுக்கு இறகு வடிவம் உண்டு.

மிக மென்மையாக, நீரை விட்டு வெளியே வந்ததும் ஈரத் தலைமுடி போலத் துவண்டு விழுந்தால் அது பிரையோப்சிஸ்.

தரையோடு ஓடும் கொடி ஒன்றிலிருந்து இறகுகள் வரிசையாக மேலே எழுந்தால் அது கௌலெர்ப்பா. கொடியைத் தேடுங்கள். அதுதான் முக்கியமான அடையாளம்.

கௌலெர்ப்பாவிலும் இறகு வடிவத்தில் இரண்டு வகைகளைப் பார்க்கலாம். இறகின் கிளைகள் ஊசி போல உருண்டையாக இருந்தால் செர்டுலாரியாய்டஸ். தட்டையாக, அரிவாள் போல மேல்நோக்கி வளைந்திருந்தால் டாக்ஸிஃபோலியா.

5) திராட்சைக் கொத்து போல இருக்கிறதா?

இதுவும் கௌலெர்ப்பாதான். இங்கும் தரையோடு ஓடும் கொடி இருக்கும். அதிலிருந்து எழும் காம்புகளில் சின்னப் பச்சை உருண்டைகள் நெருக்கமாக இருக்கும். சபாவுக்குச் சென்றவர்கள் 'லாத்தோக்' சாப்பிட்டிருக்கலாம். எலுமிச்சை, வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பச்சையாகவே உண்ணப்படும் அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கௌலெர்ப்பாவின் பெரிய ஆச்சரியம் என்ன தெரியுமா? கொடி, இறகு, உருண்டை எல்லாம் சேர்ந்து ஒரே செல். உள்ளே தடுப்புச் சுவர்கள் கிடையாது. ஏராளமான உட்கருக்கள் ஒரே உடலுக்குள் மிதக்கின்றன. அந்த ஒற்றைச் செல் மீட்டர் கணக்கில்கூட நீளலாம்.

6) காசுகளைக் கோத்த மாலை போல இருக்கிறதா?

அது ஹலிமீடா. தட்டையான சின்னத் துண்டுகள் ஒன்றுடன் ஒன்று இணைந்திருக்கும். விறைப்பாக இருக்கும், எளிதில் வளையாது. காரணம், உடலில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இறந்ததும் பச்சை போய் வெள்ளைத் துண்டுகள் மிஞ்சும். அவை உடைந்து மணலாகின்றன. பவளத் தீவுகள் பலவற்றின் வெண்மணலில் கணிசமான பங்கு ஹலிமீடா கொடுத்ததுதான்.

7) விசிறி போல இருக்கிறதா?

அவ்ரேன்வில்லியா. மங்கலான கரும்பச்சை. வெல்வெட் துணி அல்லது பஞ்சு போல இருக்கும். பெரும்பாலும் சேறு படிந்திருப்பதால் அழுக்குத் துணி என்று நினைத்துத் தாண்டிவிடுவோம். அடிப்பகுதி மணலுக்குள் கிழங்கு போலப் புதைந்திருக்கும்.

8) கோலிக்குண்டு போல இருக்கிறதா?

பளபளக்கும் தனித் தனி உருண்டைகள் என்றால் வலோனியா. ஒவ்வோர் உருண்டையும் ஒரு செல்! சில சென்டிமீட்டர் வரை பெரிதாகும் இந்தச் செல்லைப் பார்க்க வெறும் கண் போதும். பல குமிழ்கள் இறுக்கமாக ஒட்டிக் கெட்டியான கட்டியாக இருந்தால் டிக்டியோஸ்ஃபேரியா.

உல்வா கொடுத்த 'அல்வா'

மேலே ஒன்றும் இரண்டும் ஒரே பெயர் என்றோமே, அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1753இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ், தாள் வடிவப் பாசியையும் குழாய் வடிவப் பாசியையும் உல்வா என்ற ஒரே பெயரின்கீழ் வைத்தார். "ஒன்று தாள், மற்றொன்று குழாய். எப்படி ஒன்றாகும்?" என்ற எண்ணம் பிறகு வலுத்தது. 1820இல் குழாய் வடிவப் பாசிக்கு என்டெரோமார்ஃபா என்ற தனிப் பெயர் கிடைத்தது. குடல் வடிவம் என்று பொருள். பாடப் புத்தகங்களிலும் அந்தப் பெயர் இடம்பிடித்தது.

2003இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பிரிக்கவே முடியாதபடி கலந்திருந்தன. லின்னேயஸ் சொன்னதே சரி என்று ஆகிவிட்டது. 180 ஆண்டுகளுக்கு மேலாக எல்லாருக்கும் உல்வா 'அல்வா' கொடுத்திருக்கிறது.

காரணம், உல்வாவின் வடிவம் நிலையானதல்ல. நீரின் உப்புத்தன்மை, கிடைக்கும் சத்து, வெளிச்சம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறலாம். உடலில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும் அதில் பங்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட பாக்டீரியாக்கள் இல்லாமல் வளர்த்தால், உல்வா தாளாகவே வளராது. ஒழுங்கற்ற செல் குவியலாகத்தான் இருக்கும்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம்? படத்தைப் பார்த்து "இது இன்ன உல்வா" என்று யாராவது, அல்லது ஏதாவது ஒரு செயலி, ஒரே சொல்லில் முடித்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 'உல்வா' என்ற பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வது அரைகுறை வேலை அல்ல. கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்லக்கூடியது பல நேரங்களில் அவ்வளவுதான்.

பாசியில் யார் குடியிருக்கிறார்கள்?

பாசியை அடையாளம் கண்டுவிட்டால் அடுத்ததாக எதைத் தேடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

பிரையோப்சிஸைப் பார்த்தால் அவசரப்படாமல் உற்றுப் பாருங்க. அதைத் தின்னும் பச்சை நிறக் கடல் நத்தைகள் அங்கேயே ஒளிந்திருக்கலாம். ஓடு இல்லாத நத்தைகள் அவை. பாசியின் சாற்றை உறிஞ்சும்போது, ஒளியிலிருந்து உணவு தயாரிக்கும் பச்சைய உறுப்புகளையும் சில வகைகள் தம் உடலில் சேமித்துக்கொள்கின்றன.

ஆட்டுக்குட்டி முகத்தோடு இணையத்தில் பிரபலமான 'லீஃப் ஷீப்' தெரியுமா? கோஸ்டாசியெல்லா எனும் இனத்தைச் சேர்ந்த அந்தச் சின்ன நத்தைக்கு உணவு, 'அழுக்குத் துணி' என்று நாம் தாண்டிப்போகும் அவ்ரேன்வில்லியாதான். ஒரு விசிறியைப் பிடுங்கினால் அதன் வீட்டையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பிடுங்கியதாகிவிடும்.

இங்கே உள்ளூர்வாசி, அங்கே ஆக்கிரமிப்பாளர்

கௌலெர்ப்பா டாக்ஸிஃபோலியா சிங்கப்பூர் உள்பட வெப்ப மண்டலக் கடல்களில் இயற்கையாகவே வாழ்கிறது. யாரும் அதைப் பார்த்து அஞ்சுவதில்லை.

ஆனால் 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்கு அருகே, மத்தியதரைக் கடலில் அது காணப்பட்டது. மீன் தொட்டிகளில் வளர்க்கப்பட்ட, குளிரைத் தாங்கும் ரகம் அது. பிறகு கடலடியில் பெரும் பரப்புக்குப் பரவி, 'கொலைகாரப் பாசி' என்ற பெயரையும் வாங்கியது. 2000இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் தென்பட்டது. அங்கே ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, பாசிப் படர்வுகளை விரிப்புகளால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். முற்றிலும் ஒழிக்கப்பட்டதாக 2006இல் அறிவிக்கப்பட்டது.

ஒரே செல்லாக இருந்தாலும் துண்டித்தால் கௌலெர்ப்பா சாகாது. காயத்தை விரைவாக அடைத்துக்கொள்ளும். விழுந்த துண்டு புதிய பாசியாக வளரும். அதனால்தான் மீன் தொட்டியில் வளர்த்த பாசியைக் கடலிலோ கால்வாயிலோ கொட்டக் கூடாது என்கிறார்கள்.

திடீரென்று எங்கும் பச்சையா?

கரை முழுக்கப் பச்சைக் கம்பளம் விரித்தது போல் உல்வா பெருகுவதைச் சில மாதங்களில் பார்க்கலாம். சிறிய அளவில் அது பருவத்துக்கு ஏற்ப வந்து போகும். பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள் நீரில் கூடும்போது மற்ற பாசிகளை முந்திக்கொண்டு வளர்வது உல்வா. வயல்களில் போடும் உரம், கழிவுநீர், பண்ணைக் கழிவு எல்லாம் மழைநீரோடு கடலுக்கு வந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

2008இல் சீனாவின் சிங்டாவ் நகரில் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டி நடக்கவிருந்த நேரம். கடலை உல்வா மூடிவிட்டது. ராணுவ வீரர்களும் பொதுமக்களும் சேர்ந்து 10 லட்சம் டன்னுக்கும் அதிகமான பாசியை அகற்றினார்கள். தெற்கே ஜியாங்சு கரையோரத்தில் நோரி வளர்க்கும் கட்டமைப்புகளில் ஒட்டியிருந்த உல்வாதான் மிதந்து வந்து பெருகியது என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

குவிந்து அழுகும் உல்வா ஆபத்தானதும்கூட. அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 2009இல் பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில் அப்படிப்பட்ட குவியலில் சிக்கிய ஒரு குதிரை இறந்தது. அதை ஓட்டி வந்தவர் மயங்கி விழுந்தார். அத்தகைய நாற்றம் அடிக்கும் தடித்த குவியலைப் பார்த்தால், அதில் கால் வைக்காமல் விலகிவிடுங்கள்.

பறித்துச் சாப்பிடலாமா?

வேண்டாம். உல்வாவும் கடல் திராட்சையும் உண்ணக்கூடிய வகைகள்தான். ஆனால் பாசி, சுற்றியுள்ள நீரில் இருப்பதைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். அதில் கன உலோகங்களும் அடங்கும். கப்பல் போக்குவரத்தும் வடிகால்களும் உள்ள கரையில் பறித்ததை நம்பிச் சாப்பிட முடியாது. விருப்பம் இருந்தால், உணவுக்காக வளர்த்து விற்கப்படுவதை வாங்குங்கள்.

சிங்கப்பூரில் இன்னொரு காரணமும் உண்டு. தேசியப் பூங்காக் கழகம் நிர்வகிக்கும் இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் செடிகளையோ விலங்குகளையோ அனுமதியின்றி எடுக்கக் கூடாது. லாப்ரடார், செக் ஜாவா, சிஸ்டர்ஸ் தீவுகள் போன்ற இடங்களுக்குப் போனால் இதை மறந்துவிடாதீர்கள்.

எப்போது போவது?

▪ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல்நீர் அதிகமாக வடியும். சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் கடல்மட்ட அட்டவணையில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாள் வசதியானது.

▪ மிகத் தாழ்ந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள். இடி, மின்னல் எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம்.

▪ பாதம் முழுவதையும் மூடும் காலணி கட்டாயம். நம் கரைகளில் கல்மீனும் திருக்கையும் உண்டு. பாறைக்கு அடியில் கையை விடாதீர்கள். பாசி படர்ந்த கல்லில் கால் வைக்காதீர்கள். உங்களுக்கும் வழுக்கும், அதற்கும் அடிபடும்.

▪ தொட்டுப் பார்க்க வேண்டுமா? கரையில் அறுந்து ஒதுங்கிக் கிடக்கும் துண்டு போதும். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

படம் எடுப்பது எப்படி?

ஒரே ஒரு 'குளோஸ்-அப்' படத்தை வைத்து யாராலும் உதவ முடியாது. 4 படங்கள் எடுங்கள்:

▪ அது இருக்கும் இடம் முழுவதும் தெரியும்படி ஒன்று

▪ முழுப் பாசியும் தெரியும்படி ஒன்று. நீருக்குள் இருக்கும்போதே எடுங்கள், வெளியே வந்தால் வடிவம் மாறிவிடும்

▪ அடிப்பகுதி. பாறையைப் பிடித்திருக்கிறதா, கொடியாக ஓடுகிறதா, மணலில் புதைந்திருக்கிறதா?

▪ பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, அளவு தெரியும்படி ஒன்று

தேதி, இடம் ஆகியவற்றோடு 'ஐநேச்சுரலிஸ்ட்' தளத்தில் பதிவேற்றலாம். இன்று சிங்கப்பூர்க் கரையின் பெரும்பகுதி கல் தடுப்புச் சுவர்தான். அந்தக் கற்களுக்கு இடையே எது வளர்கிறது, எந்த மாதத்தில் பெருகுகிறது, எது காணாமல் போகிறது என்பதை அறிய இப்படிப்பட்ட பதிவுகள் உதவும்.

சுருக்கமாக:

▪ நரம்பு, வேர், உணர்கொம்பு இருந்தால் அது பாசி அல்ல

▪ தாள், குழாய்: உல்வா

▪ நூல்: கீட்டோமார்ஃபா, கிளாடோஃபோரா

▪ துவளும் இறகு: பிரையோப்சிஸ்

▪ கொடியிலிருந்து எழும் இறகு அல்லது திராட்சை: கௌலெர்ப்பா

▪ கெட்டியான காசு மாலை: ஹலிமீடா

▪ பஞ்சு போன்ற விசிறி: அவ்ரேன்வில்லியா

▪ பளபளக்கும் உருண்டை: வலோனியா. குமிழ்க் கட்டி: டிக்டியோஸ்ஃபேரியா

இந்தப் பட்டியலைக் கைத்தொலைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். கரைக்குப் போகும்போது தேவைப்படும்.